பெனிடோர்மில் ஆடிய பாட்டிமார்கள்

"போயும் போயும் பெனிடோர்முக்கா போனீங்க? அது குடிகாரங்க ஊராச்சேம்மா!"

ஸ்பெயினிலிருந்து தில்லி திரும்பிய பிறகு, சங்க நூலகத்தில் பார்த்த பழைய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவருடைய மருமகன் லண்டனில் இருக்கிறார். ஆங்கிலேயர்களிடையே பெனிடோர்ம் என்று சொன்னாலே ஒரு நமட்டுச் சிரிப்பு வருமாம். அந்த ஊரை வைத்து 2007 முதல் 2018 வரை ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரே ஓடியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி கணவரோடும் மகனோடும் போய் வந்தால் கேள்வி வரத்தானே செய்யும்?

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. பதிலை நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பயணக் கட்டுரை எழுதுவது என் நோக்கமில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ அழைத்து வந்து நம்முடன் வைத்துக்கொண்டிருக்கும் நம் போன்ற குடும்பங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று அந்த ஊரில் என் கண்ணில் பட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் மகன் வலென்சியா நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். 2023 நவம்பரில் நாங்கள் இருவரும் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். "அம்மா, எனக்கு மூணு நாள் லீவு. கடற்கரைக்குப் போலாமா? பெனிடோர்ம் ரொம்பச் சத்தமான ஊர்தான், ஆனா இப்போ ரூம் வாடகை கம்மி" என்றான். தில்லியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர்களுக்குக் கடல் என்றால் போதாதா? கிளம்பிவிட்டோம். காரில் இரண்டு மணி நேரப் பயணம்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது பம்பாயின் ஒரு துண்டை வெட்டி மலைக்கும் கடலுக்கும் நடுவில் வைத்தது போல் இருந்தது. அத்தனையும் அடுக்கு மாடி. 2002-இல் திறக்கப்பட்ட ஒரு ஹோட்டல் மட்டும் 186 மீட்டர் உயரம், 52 மாடி. ஊரின் நிரந்தர ஜனத்தொகை என்னவோ எழுபதாயிரத்தை ஒட்டித்தான். மற்றவர்கள் எல்லாம் வந்து போகிறவர்கள்.

எழுபது வருஷத்துக்கு முன்னால் இது மீனவர் கிராமம். சூரை மீனுக்குக் கடலில் பெரிய வலைக்கட்டு போடுவதில் இந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். மற்ற கரைகளிலும் இவர்களைக் கூப்பிட்டுத் தலைமை தாங்கச் சொல்வார்களாம். அந்தத் தொழில் நொடித்தது. 1950-இல் மேயராக வந்த பெத்ரோ ஸரகோஸா ஊரைச் சுற்றுலாவை நம்பித் திருப்பினார். 1956-இல் அகலமான தெருக்களோடு நகரத் திட்டம் போட்டார். வெளிநாட்டுப் பெண்கள் கடற்கரையில் பிகினி அணியலாம் என்று அனுமதித்ததால் தேவாலயத்தின் கோபத்துக்கு ஆளானார். அந்தக் காலத்தில் ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃப்ராங்கோவை நேரில் பார்த்துப் பேச, வெஸ்பா ஸ்கூட்டரிலேயே மாட்ரிட் வரை போனார் என்று அந்த ஊரில் இன்றும் கதை சொல்கிறார்கள். 1959-இல் பாட்டுப் போட்டி ஒன்று ஆரம்பித்தார்கள். 1968-இல் அதில் முதல் பரிசு வாங்கிய இளைஞர்தான் பின்னால் உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஹூலியோ இக்லேசியாஸ்.

இப்படி வளர்ந்த ஊர். கடற்கரை இரண்டு. கிழக்கே லெவாந்தே, மேற்கே போனியெந்தே. நடுவில் பாறை மேல் பழைய ஊரும், நீல ஓடு வேய்ந்த கோபுரங்களோடு ஒரு தேவாலயமும். அங்கே இருக்கும் மாதா சிலை, 1740-இல் ஆளில்லாமல் மிதந்து வந்த ஒரு படகில் வந்தது என்பது ஐதிகம். கொள்ளை நோய்க்குப் பயந்து படகை எரித்தார்களாம். சாம்பலில் சிலை மட்டும் சேதமில்லாமல் கிடந்ததாம். வேளாங்கண்ணிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். கடலோர ஊர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கதை இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் இரவு எட்டு மணிக்கு வெளியே கிளம்பினோம். ஹோட்டலுக்குப் பின்னாலேயே ஆங்கிலேயர்கள் கூடும் தெருக்கள். நண்பர் சொன்னது பொய்யில்லை. வரிசையாக மதுக்கடை, ஒவ்வொன்றிலும் காது கிழிய ஒரு பாட்டு. கல்யாணத்துக்கு முந்திய கொண்டாட்டமாம், பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பெண் வேஷம் போட்டுக்கொண்டு தள்ளாடி வந்தார்கள். ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் என் கையைப் பிடித்து, "வா, ரூமுக்கே போயிடலாம்" என்றார். மகனுக்கு ஒரே சங்கடம். "இந்தத் தெருவைத் தாண்டிட்டா கடற்கரைப் பக்கம் வேற மாதிரி இருக்கும்பா" என்று சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான்.

வேறு மாதிரிதான் இருந்தது. லெவாந்தே கடற்கரையை ஒட்டிய அகலமான நடைபாதை. அதில் நடந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். கைகோத்துக்கொண்டு ஜோடி ஜோடியாக, நாலைந்து பெண்கள் கூட்டமாக, பாட்டரி வண்டியில் உட்கார்ந்தபடி, ஊன்றுகோலோடு. யாருக்கும் அவசரமில்லை. ஒவ்வொருவரும் இஸ்திரி போட்ட உடை, வாரிய தலை. ஒரு கண்ணாடிச் சுவர் கூடத்திலிருந்து அக்கார்டியன் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தோம். உள்ளே நூறு பேராவது இருப்பார்கள். ஆடிக்கொண்டிருந்தார்கள்.

குதித்து ஆடும் ஆட்டம் இல்லை. பாசோ டோப்ளே என்று மகன் பெயர் சொன்னான். நாலடி முன்னால், நாலடி பின்னால், ஒரு திருப்பம். ஆண் துணை இல்லாத பாட்டிமார்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடினார்கள். முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளை ஆட்டினார்கள். இடையில் குழந்தைப் பாட்டு மாதிரி ஒன்று வந்தது. அத்தனை பேரும் கைகளை இறக்கை போல் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். "குட்டிப் பறவைகள்" பாட்டாம். இந்த ஊரில் பல வருஷம் அக்கார்டியன் வாசித்த மரியா ஹெசுஸ் என்ற அம்மையார் 1980-களில் பிரபலமாக்கியது.

நாங்களும் உள்ளே போய் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். மகன் மொழிபெயர்த்தான். நாட்டின் உட்பகுதியில் எங்கோ கோதுமை விளையும் கிராமமாம் அவருக்கு. கணவர் போய் ஆறு வருஷமாகிறது. மூன்று பேரப் பிள்ளைகளை அவர்தான் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருகிறார். வருஷத்தில் பத்து நாள் மட்டும் மகளிடம் சொல்லிவிட்டுத் தோழிகளோடு இங்கே வந்துவிடுவாராம். காலை நீட்டித் தன் செருப்பைக் காட்டினார். ஆடுவதற்கென்றே வாங்கிய சிவப்புத் தோல் செருப்பு. "இந்த வயசுல இது எதுக்கும்மான்னு மக கேக்கறா. கால் என்னோடதுதானேன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டு மாறியதும் எழுந்து போய்விட்டார்.

நாங்கள் சிரித்தோம். அப்போது மகன் சாதாரணமாகத்தான் சொன்னான்: "நம்ம பாட்டி இருந்திருந்தா ஆடியிருப்பாங்க, இல்லம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை.

என் மாமியார் நாகப்பட்டினத்துக்காரர். மாமனார் இறந்த பிறகு 1989-இல் எங்களோடு தில்லிக்கு வந்தார். ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. நானும் கணவரும் வேலைக்குப் போக, குழந்தைகள் இருவரையும் வளர்த்தது அவர்தான். அவருக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தனி அறை, வேளைக்கு மருந்து, குளிர்காலத்தில் ஹீட்டர், வெள்ளிக்கிழமை மலைமந்திர். பதினொரு வருஷம் இருந்துவிட்டு 2000-இல் போய்ச் சேர்ந்தார்.

மே மாத இரவுகளில் மின்சாரம் போனால் பால்கனியில் வந்து நிற்பார். "இந்நேரம் நாகப்பட்டினத்துல கடல்காத்து ஆரம்பிச்சிருக்கும்" என்பார். சின்ன வயதில் கந்தூரி சமயத்தில், சந்தனக்கூடு நாகையிலிருந்து நாகூருக்குப் போகும் இரவு முழுவதும் தெருவில் நின்று பார்த்த கதையைப் பேரனுக்குச் சொல்வார். விடிய விடிய விளக்கு, வாத்தியம், மிட்டாய்க் கடை. லீவில் ஊருக்குப் போனபோது ஒருமுறை என்னிடம் கேட்டார்: "ஒரு ராத்திரி கடலோரமா உட்கார்ந்துட்டு வரலாமாம்மா?"

"இந்த வயசுல ராத்திரிக் காத்து ஆகாது அத்தை. சளி பிடிச்சுக்கும்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

1995-இல் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பெண்கள் கும்மி அடித்தார்கள். யாரோ அவரையும் கூப்பிட்டார்கள். எழுந்துவிட்டார். எழுந்து என் முகத்தைப் பார்த்தார். "முட்டி வலிக்கும் அத்தை, உட்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். நான் அக்கறையில்தான் சொன்னேன். ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாமியார் ஆடுவது எனக்குக் கூச்சமாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது அவருக்கு வயது 63. பெனிடோர்மில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் அதே 63.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாட்டிமார்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. பென்ஷன்காரர்கள். ஸ்பெயின் அரசாங்கம் 1985-இல் ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும், மீதியைப் பயணிகள் கட்ட வேண்டும். அக்டோபர் முதல் கோடை வரும் வரை ஹோட்டல்கள் காற்றாடும் காலத்தில் முதியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைகளுக்கு அனுப்புகிறார்கள். தனியாக இருப்பவர்களும் போகலாம், கணவன் மனைவியாகவும் போகலாம். சமீப ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு எட்டு லட்சம் இடங்களுக்கு மேல் ஒதுக்குகிறார்கள். இதில் தர்மம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஹோட்டலும் மூடாது, சிப்பந்திகளுக்கும் வேலை போகாது. அரசு போடும் பணத்தில் பெரும் பகுதி வரியாகவும் சம்பளமாகவும் திரும்பி வந்துவிடுகிறது என்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இது அந்நியமான யோசனையா? மத்தியப் பிரதேச அரசு 2012-இலேயே முதியவர்களை அரசுச் செலவில் தீர்த்த யாத்திரை அனுப்பத் தொடங்கியது. பிறகு தில்லியும் செய்தது. நல்ல காரியம். ஆனால் ஒன்று கவனியுங்கள். முதியவர்கள் வெளியே போக வேண்டுமென்றால் நமக்குப் புண்ணியம் ஒரு காரணமாக வேண்டியிருக்கிறது. காசிக்குப் போகிறேன் என்றால் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுப்போம். சும்மா கடற்கரையில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றால், "இந்த வயசுல எதுக்கு?" என்போம்.

"அவங்க பண்பாடு வேற, நம்ம பண்பாடு வேற. அங்கே பிள்ளைங்க கவனிக்கிறதில்லை, அதனால ஆடப் போறாங்க" என்று ஒரு அன்பர் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பேரனைப் பள்ளியில் விடும் அந்தச் செருப்புக்கார அம்மாவைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஸ்பெயினில் குடும்பப் பாசம் நமக்குச் சளைத்ததில்லை. குடும்பத்துக்கு உழைக்கும் பாட்டிக்கும் பத்து நாள் அவளுக்கென்று வேண்டும் என்பதுதான் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அதோடு, இரவில் விழித்துக் கொண்டாடுவது மேல்நாட்டுச் சரக்கு என்று யார் சொன்னது? விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்கள் நம் பெற்றோர். தேரோட்டம், தெப்பம், சந்தனக்கூடு, எல்லையம்மன் கோவில் கரகம், இவையெல்லாம் எந்த நேரத்தில் நடந்தன? ஊரில் அந்த மனிதர்களுக்குத் திண்ணை இருந்தது, தெரு இருந்தது, இரவு இருந்தது. நாம்தான் அவர்களை மொழி தெரியாத ஊருக்கு அழைத்து வந்து, இரண்டாவது மாடியில் வைத்து, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டோம். வேலைக்காக வந்தவர்கள் நாம். நமக்கு அலுவலகம் இருந்தது, சங்கம் இருந்தது. அவர்களுக்கு என்ன இருந்தது?

பெனிடோர்மைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால், நேற்றிரவின் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்கள். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள், இடுப்பு ஒடிய வேலை வாங்குகிறார்கள் என்று 2016 முதல் சங்கமாகத் திரண்டு போராடி வருகிறார்கள். 1978-இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, கப்பலில் குடிநீர் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. குடிக் கூத்தும் கொஞ்சநஞ்சமில்லை. இதே கடலில் உள்ள மயோர்க்கா, இபிஸா தீவுகளில் தொல்லை தாங்காமல், 2020-இல் மாகாண அரசே சட்டம் போட்டது. குடிக்கு இலவசச் சலுகை கொடுப்பதையும், இளைஞர்களைக் கூட்டமாகக் கடை கடையாய் அழைத்துப்போய்க் குடிக்க வைப்பதையும் குறிப்பிட்ட சில பகுதிகளில் தடை செய்தார்கள். நம் கோவாவும் மற்றக் கடற்கரைகளும் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பின்தெருவில் நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. முன்தெருவில் நமக்கு நிறைய இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? அரசாங்கம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நம் சங்கக் கட்டடத்தின் பெரிய கூடம் வாரநாட்களில் பூட்டிக் கிடக்கிறது. புதன்கிழமை தோறும் மாலை நாலு முதல் ஏழு வரை அதை மூத்தவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கே சர்க்கரை நோய் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம். பொன்னாடை வேண்டாம். அவர்கள் காலத்துப் பாட்டுகள் ஒலிக்கட்டும். கும்மி அடிப்பவர் அடிக்கட்டும், தாயம் ஆடுபவர் ஆடட்டும், சும்மா உட்கார்ந்து ஊர்க் கதை பேசுபவர் பேசட்டும். பிள்ளைகளும் மருமக்களும் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும். இது முக்கியம். நாம் பக்கத்தில் இருந்தால் அவர்கள் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து நாள் கடற்கரைப் பயணம். பூரிக்கு தில்லியிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. ஜகந்நாதரையும் தரிசிக்கலாம், ஆனால் பயணம் கடலுக்காக. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகை நிறுத்தப்பட்டபோது பலருடைய பயணம் அதோடு நின்றது. பென்ஷன் இல்லாத மூத்தவர்களின் டிக்கெட்டில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கலாம். ஆண்டு விழா மலருக்கும் மேடை அலங்காரத்துக்கும் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்தால் போதும்.

பெனிடோர்மில் கடைசி இரவு நாங்கள் இருவரும் போனியெந்தே கரையில் போய் உட்கார்ந்தோம். நள்ளிரவுக்கு மேல் காலை ஏழு வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. பதினொன்றரை வரை மணலில் இருந்தோம். அலை பெரிதாக இல்லை. நாகப்பட்டினத்துக் கடல் போல் இரைச்சலும் இல்லை. என் கணவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். நாகப்பட்டினத்துல வீட்டுலேர்ந்து ஒண்ணேகால் மைல்தானே" என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் சளி பிடிக்கவில்லை.

செயற்குழு அன்பர்கள் இந்த யோசனையை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை கூடத்தைத் திறந்து வைக்கவும், சுண்டல் செய்து கொண்டுவரவும் நான் தயார். கூட ஒருவர் வந்தால் நல்லது. அதுவரை, வீட்டில் பெரியவர்கள் இருக்கும் அன்பர்கள் இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "வெளியே எங்கேயாவது போயிட்டு வரலாமா?"